கல்வி உரிமையும் அண்மைப் பள்ளியும்

‘உரிமை’ என்னும் சொல்லை நாம் மேடைதோறும் கேட்கிறோம். கிடைக்காதபோது நீதிமன்றத்தை நாடிப் பெறக்கூடியது எதுவோ அதுவே சட்டத்தின் கண்ணில் உரிமை, ஏனையவை நல்லெண்ணங்களே. இந்தியக் குழந்தையின் கல்வி, நல்லெண்ணம் என்ற நிலையிலிருந்து உரிமை என்ற நிலைக்கு உயர நெடுங்காலம் ஆயிற்று. அவ்வரலாற்றையும், அரசுப் பள்ளி, தனியார் பள்ளி ஆகிய இரண்டிற்கும் இடையே அவ்வுரிமை இன்று நிற்கும் நிலையையும் சுருக்கமாகக் காண்போம்.

நெறியிலிருந்து உரிமைக்கு

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி வழங்கப் பத்தாண்டுகளுக்குள் அரசு முயல வேண்டும் என்றது. ஆயினும் அது வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டமையால், அதனைக் காட்டி எவரும் வழக்குத் தொடுக்க இயலவில்லை. பத்தாண்டுகள் கழிந்தன, குறிக்கோள் நிறைவேறவில்லை.

1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதினான்கு வயது வரை கல்வி பெறுவது அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தது. 2002இல் 86ஆம் திருத்தம் அதனை அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தது. 2009இல் இயற்றப்பெற்ற கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரை, வீட்டிற்கு அண்மையில் உள்ள பள்ளியில், எட்டாம் வகுப்பு முடியும்வரை இலவசமாகக் கற்பதே அவ்வுரிமை.

இருபத்தைந்து விழுக்காடு

தனியார் பள்ளிகள் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. அரசு உதவி பெறும் பள்ளியில் நிர்வாகம் தனியாருடையது. ஆசிரியர் ஊதியம் அரசுடையது. சுயநிதிப் பள்ளியோ பெற்றோர் செலுத்தும் கட்டணத்தால் நடப்பது. இச்சுயநிதிப் பள்ளிகள் தம் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை, அண்மையில் வாழும் நலிந்த பிரிவினரின் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 12ஆம் பிரிவு. அரசு ஒரு குழந்தைக்குச் செலவிடும் தொகை, பள்ளி வாங்கும் கட்டணம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதனை அரசு ஈடு செய்யும். 2012இல் உச்ச நீதிமன்றம் இதனை ஏற்றது. சிறுபான்மையினரின் சுயநிதிப் பள்ளிகளுக்கு மட்டும் விலக்களித்தது.

கொத்தனார் மகளும் மருத்துவர் மகனும் ஒரே பெஞ்சில் அமர்வது சிறிய செயலன்று. எனினும் இவ்வழியின் எல்லைகளையும் நாம் உணர வேண்டும். விண்ணப்பங்கள் இடங்களை மிஞ்சினால் குலுக்கல் நடைபெறுகிறது. குலுக்கலில் விழும் சீட்டு ஒரு குழந்தைக்கு நற்பேறு ஆகலாம். எல்லாக் குழந்தைகளுக்கும் உரிமை ஆகாது. எட்டாம் வகுப்போடு இச்சலுகை முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் கட்டணம் செலுத்த இயலாத குழந்தை பள்ளி மாற வேண்டியதுதான். தனியார் பள்ளியே இல்லாத மலையூர்க் குழந்தைக்கோ இப்பிரிவால் பயன் ஏதுமில்லை.

எது அடித்தளம்?

‘பெற்றோர் விரும்புவது தனியார் பள்ளியைத்தானே? எல்லோருக்கும் அரசே கட்டணம் கட்டிவிடலாமே’ என்பர் சிலர். பெற்றோர் விருப்பத்தை எள்ளலாகாது. ஆங்கில வழி, வகுப்புக்கோர் ஆசிரியர், அன்றாடக் கண்காணிப்பு ஆகியவற்றை அவர்கள் நாடுவது நியாயமே. ஆனால் கட்டணம் பெயரும் இடத்தையே சுயநிதிப் பள்ளி தேடும். யாரையும் திருப்பி அனுப்பாமல், எந்த ஊரையும் ஒதுக்காமல் நிற்க வேண்டிய கடமை அரசுப் பள்ளிக்கே உரியது. காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022இல் வந்த காலை உணவும் ஏழைக் குழந்தையை வகுப்பறைக்கு அழைத்து வந்தது அக்கடமை உணர்வால்தான்.

1964-66ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்த கோத்தாரி குழு, அனைவருக்கும் பொதுவான அண்மைப் பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. வசதியும் செல்வாக்கும் உடையோர் வெளியேறிய பள்ளியில், ஓட்டைக் கூரையைக் கண்டு குரல் எழுப்ப ஆள் குறைகிறது. இருப்போர் குரலுக்கு வலிமை தரவே, அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்கிறது சட்டம். அதில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். சுயநிதிப் பள்ளிகளுக்கு இவ்விதி இல்லை.

நம்மில் பலர் அரசுப் பள்ளியின் வழியே இக்கல்லூரிக்கு வந்தவர்கள். விடுமுறையில் ஊர் செல்லும்போது, அக்குழுவில் இருக்கும் தாய்மார்களுக்குச் சட்டம் தந்துள்ள அதிகாரத்தை எடுத்துச் சொல்லலாம். கோரிக்கை மனு எழுதித் தரலாம். தனியார் பள்ளியில் சில இடங்கள் திறப்பது நன்று. ஆயினும் ஊர்தோறும் அரசுப் பள்ளி நல்ல பள்ளியாக நின்றால்தான் கல்வி எல்லோருக்கும் உரிமையாகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.