ஓவனைப் பக்கத்துல வை, சர்க்கரை டப்பாவை எட்ட வை

குட்டிக்கு ஒன்றரை வயசு ஆகப்போகுது, பிஸ்கெட்டெல்லாம் இனி வீட்டுலயே சுட்டுக் கொடுக்கப்போறேன்னு ஓடிஜி ஓவன் வாங்கியிருக்கே. நல்ல காரியம் தங்கச்சி. ஆனா மைதா, வெண்ணெய், பொடிச்ச சர்க்கரைன்னு பேக்கரிக்காரர் போடுற கணக்கையே நீயும் போட்டா, அடுப்பு மட்டும்தான் நம்மளது, பண்டம் கடைப் பண்டம்தான். அதனால முதல்ல கை வைக்க வேண்டியது இனிப்புல.

ஆறு மாசத்துலேர்ந்து ரெண்டு வயசு வரைக்கும் சர்க்கரை, உப்பு, டிரான்ஸ் கொழுப்பு அதிகமா இருக்குற பண்டங்களைக் கொடுக்கக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயே இருக்கு. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலா கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் போட்டா தப்பில்லைன்னு நம்ம வீடுகள்ல ஒரு நம்பிக்கை உண்டு. வாசம் வேற, நிறம் வேற, ஒத்துக்கறேன். ஆனா குழந்தையோட பல்லுக்கும் நாக்குக்கும் அதெல்லாமே சர்க்கரைதான். தேன் விஷயத்துல இன்னொண்ணும் இருக்கு. ஒரு வயசு முடியாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது, சுட்ட பிஸ்கெட்டுல கலந்தும் கூடாது. அதுல இருக்கக்கூடிய ஒரு கிருமியோட வித்துகள் பச்சைக் குழந்தையோட குடல்ல முளைச்சு நஞ்சு உண்டாக்கும். அந்த வித்துகள் வீட்டு அடுப்புச் சூட்டுக்குச் சாகாது. உன் குட்டி அந்த வயசைத் தாண்டிட்டா, ஆனா மாடி வீட்டுக் கைக்குழந்தைக்கும் ஒண்ணு நீட்டுவே பாரு, அதுக்காகச் சொல்றேன்.

அப்ப இனிப்புக்கு என்ன பண்றது? பழம். தோல்ல கறுப்புப் புள்ளி விழுந்த வாழைப்பழம், ஊறவச்ச பேரீச்சம்பழம், வேகவச்சு மசிச்ச ஆப்பிள். இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்.

நான் முதல்ல செய்யச் சொல்றது கேழ்வரகு பிஸ்கெட். 100 கிராம் கேழ்வரகுல சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு, தீட்டின அரிசியில 10 மில்லிகிராம்கூடத் தேறுறது கஷ்டம். அரை கப் கேழ்வரகு மாவை வாணலியில சின்னத் தீயில வாசம் வர்ற வரைக்கும் வறுத்து ஆற வை. வறுக்கலைன்னா பச்சை வாசம் போகாது, குழந்தை துப்பிடும். கூட அரை கப் கோதுமை மாவு. கோதுமை எதுக்குன்னா, கேழ்வரகுல மாவை இழுத்துப் பிடிக்கிற பசை கிடையாது. தனியாச் சுட்டா கையில எடுக்கும்போதே உதிர்ந்துடும். கொட்டை நீக்கின பேரீச்சம்பழம் 8 எடுத்து, மூழ்குற அளவு சூடான பால்ல அரை மணி நேரம் ஊறவச்சு விழுதா அரைச்சுக்கோ. கால் கப் நெய், ஒரு சிட்டிகை ஏலக்காய்ப் பொடி. எல்லாத்தையும் சேர்த்துச் சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாப் பிசைஞ்சு, வட்டமா வெட்டாம விரல் நீளத்துக்கு உருட்டி லேசா அழுத்து. இந்த வயசுல உள்ளங்கையால மூடிப் பிடிச்சு, மேல நீட்டிட்டு இருக்குற முனையைக் கடிக்கிறதுதான் அவங்களுக்குச் சுலபம்.

ஓடிஜியைப் பத்து நிமிஷம் முன்னாடியே சூடு பண்ணிடு. 160 டிகிரி, மேல் கம்பி கீழ் கம்பி ரெண்டும் எரியட்டும், நடுத் தட்டுல வை, 15லேர்ந்து 18 நிமிஷம். எடுக்கும்போது மெத்துன்னுதான் இருக்கும். வேகலையோன்னு பயந்து திரும்ப உள்ள தள்ளாதே, ஆற ஆற இறுகும். கேழ்வரகுக்கு நிறமே பழுப்பு, அதனால கண்ணை நம்பாதே, ஓரத்துல நெய் வாசம் தூக்கினா எடுத்துடு. ஆறினதும் ஒண்ணைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு அழுத்து. அழுத்தினதும் நொறுங்கினா கொடுக்கலாம். கல்லு மாதிரி இருந்தா அதை நாம சாப்பிட்டுக்கலாம்.

முந்திரி, பாதாம் மேல பதிச்சா அழகா இருக்கும்னு தோணும். வேண்டாம்மா. முழுப் பருப்பும் உடைச்ச துண்டும் மூச்சுக்குழல்ல போய் அடைச்சுக்கும். நாலஞ்சு வயசு வரைக்கும் நைஸாப் பொடிச்சு மாவோட கலந்துதான் தரணும். வேர்க்கடலை, முட்டை இதெல்லாம் ஒத்துக்குதான்னு ஒவ்வொண்ணாத் தனித்தனியாக் கொஞ்சம் கொடுத்துப் பார்த்த பிறகு பிஸ்கெட்டுல சேரு. எல்லாத்தையும் ஒரே நாள்ல கலந்துட்டு உடம்பு தடிச்சா, எதனாலன்னு டாக்டருக்கும் தெரியாது.

வாழைப்பழ மஃபின் இன்னும் சுலபம். பழுத்த பழம் ரெண்டு மசிச்சு, ஒரு முட்டை, கால் கப் கெட்டித் தயிர், மூணு டேபிள்ஸ்பூன் எண்ணெய் அடிச்சுக் கலக்கு. ஒரு கப் கோதுமை மாவு, அரை டீஸ்பூன் சமையல் சோடா சலிச்சுச் சேர்த்து, மாவு மறையிற வரைக்கும் மட்டும் கிளறு. அதிகம் கிளறினா ரப்பர் ஆகும். தயிர்ப் புளிப்புல சோடா பொங்கிக் கொடுக்கும், அதுக்காக சோடாவைக் கூட்டாதே, கசக்கும், உப்புச்சத்தும் ஏறும். 180 டிகிரியில 20 நிமிஷம். கரண்ட் போற நாள்ல இதே மாவைப் பணியாரக்கல்லுல நெய் தடவி ஊத்தி மூடி வச்சுடு. எனக்கு அந்தப் பணியாரம்தான் இன்னும் பிடிக்கும். மாவுக் கரண்டியை மட்டும் குட்டி நக்க விடாதே, பச்சை முட்டையும் பச்சை மாவும் வயித்துக்கு ஆகாது.

தினம் இனிப்பு வாசமே வேண்டாம்னா சக்கரவள்ளிக்கிழங்கு இருக்கு. உள்ள ஆரஞ்சு நிறமா இருக்குற கிழங்கு கிடைச்சா விடாதே, வைட்டமின் ஏ-வுக்கு அது நல்லது. வேகவச்சு மசிச்சது ஒரு கப், கோதுமை மாவு அரை கப், பொடியா நறுக்கின முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, சீரகப் பொடி, ஒரு ஸ்பூன் நெய். வடை மாதிரி தட்டி 180 டிகிரியில 20 நிமிஷம், நடுவுல ஒரு தடவை திருப்பிப் போடு. உப்பு ஒரு சிட்டிகை போதும்.

ஓடிஜியோட கண்ணாடிக் கதவு வெளிப்பக்கமும் கொதிக்கும். அவ கை எட்டாத உயரத்துல வை, ஒயரைத் தொங்க விடாதே. அணைச்ச பிறகும் அரை மணி நேரம் அந்தப் பக்கம் விடாதே.

சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி கொடுக்கிறதோட நிறுத்திக்கோ, இல்லைன்னா சாதத்தைத் தொடமாட்டா. உட்கார வச்சுக் கொடு, ஓடிக்கிட்டே கடிக்க விடாதே. பேரீச்சம்பழம் பல்லுல ஒட்டும், தின்னு முடிச்சதும் தண்ணி குடிக்க வை, ராத்திரி பல் தேய்ச்சு விட்டுப் படுக்க வை. அழுகையை நிறுத்துறதுக்குப் பிஸ்கெட்டை நீட்டாதே. பசிக்குத்தான் அது.

உன் அத்தை ஒண்ணை வாயில போட்டுட்டு, "என்னம்மா சப்புன்னு இருக்கு"ன்னு சொல்வாங்க. குட்டிக்கு அது சப்புன்னு இருக்காது, அதைவிட இனிப்பு அவ நாக்கு இன்னும் பார்க்கலை. ஆனா அத்தையோட சண்டைக்குப் போகாதே. பாதி மாவைப் பிரிச்சு ரெண்டு ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை பிசைஞ்சு வட்டமாத் தட்டு. வட்டம் பெரியவங்களுக்கு, நீளம் குட்டிக்கு. ஒரே தட்டுல சேர்த்துச் சுட்டாலும் மாறிப்போகாது.