எருக்கும் நந்தவனமும்

முழுமுதற் கடவுளாம் விநாயகப் பெருமானுக்கு அருகம்புல்லும் எருக்கம்பூவும் உகந்தவை என்பது சிறு பிள்ளைகளும் அறிந்த செய்தி. விலை கொடுத்து வாங்க வேண்டிய மலர்கள் எத்தனையோ இருக்க, வேலியோரத்தில் யாரும் நீர் ஊற்றாமல் வளரும் எருக்கைப் பெருமான் ஏற்றுக்கொண்டதில் ஆழ்ந்த பொருள் உண்டு. சங்க காலப் புலவர் கபிலர் புறநானூற்றின் 106ஆம் பாடலில் இக்கருத்தையே எடுத்தாள்கிறார். சிறப்பில்லாத எருக்கம்பூவை ஒருவர் அன்போடு கொண்டுவந்தாலும் தெய்வம் அதை வேண்டாம் என்று தள்ளுவதில்லை என்று கூறி, பாரி வள்ளலின் ஈகைக்கு அதை உவமையாக்குகிறார்.

சைவ மரபில் எருக்குக்குத் தனியிடம் உண்டு. சிவபெருமான் சடையில் சூடும் மலர்களுள் அதுவும் ஒன்று. தமிழகத்தில் விருத்தாசலத்திற்கு அண்மையில் உள்ள திருஎருக்கத்தம்புலியூர் என்னும் பாடல் பெற்ற தலத்தில் வெள்ளெருக்கே தலவிருட்சம். திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் அவதரித்த ஊரும் அதுவே. வடமொழியில் எருக்குக்கு ‘அர்க்கம்’ என்று பெயர். சூரியனுக்கும் அதே பெயர். தை, மாசி மாதங்களில் வரும் ரதசப்தமி நாளில் ஏழு எருக்கிலைகளை உடலில் வைத்து நீராடும் வழக்கம் இதனால் வந்தது.

இவ்வளவு பெருமை வாய்ந்த இச்செடிக்கு இயற்கை இன்னொரு கடமையையும் கொடுத்திருக்கிறது. அதை அறிந்துகொண்டால் நம் கோயில் நந்தவனத்தைப் பார்க்கும் பார்வையே மாறும்.

எருக்கு வளர்க்கும் குழந்தை

எருக்கின் இலையைக் கிள்ளினால் பால் வடியும். பால் வடியும் இச்செடிக் குடும்பத்தின் இலைகளைத் தவிர வேறெதையும் உண்ணாத வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் உண்டு. அவற்றுள் நாம் எளிதில் காணக்கூடியது, செம்மஞ்சள் நிறச் சிறகும் கறுப்பு ஓரமும் வெள்ளைப் புள்ளிகளும் கொண்ட வண்ணத்துப்பூச்சி. தமிழகத்தில் இதற்கு ‘வெந்தய வரியன்’ என்று அழகாகப் பெயரிட்டுள்ளனர்.

தாய்ப்பூச்சி இலையின் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு முட்டையாக இடும். சில நாட்களில் வெளிவரும் புழு வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வளையங்களுடன் மூன்று சோடிக் கறுத்த கொம்புகள் போன்ற இழைகளும் கொண்டிருக்கும். ஏறத்தாழ இரண்டு வாரங்கள் இலையை உண்டு வளர்ந்து, பின்னர் கூட்டுப்புழுவாகத் தலைகீழாகத் தொங்கும். அதன் பின்னரே சிறகு விரித்துப் பறக்கும். குளிர்ப் பிரதேசங்களில் இக்காலம் இன்னும் சற்று நீளும்.

எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள் உண்டு. ஆடு மாடுகள் எருக்கை ஒதுக்குவது இதனால்தான். இந்தப் புழுவோ அந்த நஞ்சைத் தன் உடலிலேயே சேமித்து வைக்கிறது. அதை ஒருமுறை தின்ற பறவை வாந்தியெடுத்துத் துன்புறும். அதன் பின்னர் அந்த நிறத்தைக் கண்டாலே விலகிவிடும். நஞ்சில்லாத வேறோர் இனத்தின் பெண் பூச்சி இதே நிறத்தைப் போர்த்துக்கொண்டு உயிர் தப்புவதும் உண்டு. ஆலகால விடத்தைக் கண்டத்தில் தாங்கி உலகைக் காத்த நீலகண்டனின் திருவிளையாடல் ஒரு சிறு புழுவிலும் நடக்கிறது என்று அடியார்கள் எண்ணி மகிழலாம்.

எருக்கம்பூவில் மகரந்தம் தூளாக இருப்பதில்லை. சிறு பொட்டலமாகக் கட்டப்பட்டிருக்கும். தேன் குடிக்க வரும் பெரிய கருவண்டின் காலில் அப்பொட்டலம் மாட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குச் செல்லும். வண்டு வராவிட்டால் எருக்கங்காய் இல்லை. காய் இல்லாவிட்டால் பஞ்சோடு பறக்கும் விதையும் இல்லை.

அமெரிக்காவில் நடந்த இழப்பு

வெந்தய வரியனின் நெருங்கிய உறவான ‘மொனார்க்’ என்னும் வண்ணத்துப்பூச்சி வட அமெரிக்காவில் வாழ்கிறது. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் கனடா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து 4000 கிலோமீற்றர் வரை பறந்து மெக்சிக்கோவின் மலைக்காடுகளை அடையும். அவை அங்கு வந்து சேரும் நவம்பர் மாதத் தொடக்கம், அந்நாட்டு மக்கள் இறந்தோரை நினைந்து வழிபடும் நாட்களோடு பொருந்துகிறது. முன்னோரின் ஆவிகளே வண்ணத்துப்பூச்சிகளாக வருகின்றன என்பது அம்மக்களின் நம்பிக்கை.

மொனார்க் புழுவும் பால் வடியும் செடியையே உண்ணும். சோள வயல்களில் களைநாசினி மிகுதியாகத் தெளிக்கப்பட்டபோது வயலோரத்துப் பாற்செடிகள் அழிந்தன. 1996–97 குளிர்காலத்தில் மெக்சிக்கோவில் ஏறத்தாழ 18 ஹெக்டேயர் காட்டை மூடியிருந்த வண்ணத்துப்பூச்சிக் கூட்டம், 2013–14இல் 0.67 ஹெக்டேயராகச் சுருங்கியது. களைநாசினியோடு காடழிப்பும் காலநிலை மாற்றமும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அதன் பின்னர் அந்நாட்டு மக்கள் வீட்டிலும் பாடசாலையிலும் வழிபாட்டிடங்களிலும் தத்தம் பகுதிக்குரிய பாற்செடிகளை நட்டு வளர்த்து வருகின்றனர். களை என்று பிடுங்கி எறிந்ததைத் தேடி நடும் நிலை அவர்களுக்கு வந்தது.

நமது மலையும் வண்ணத்துப்பூச்சியும்

நமது மலையகத்திலும் இதையொத்த நம்பிக்கை உண்டு. சிவனொளிபாதமலையைச் சிங்கள மக்கள் ‘சமனல கந்த’ என்றும் அழைப்பர். சமனலயா என்றால் வண்ணத்துப்பூச்சி. யாத்திரைக் காலத்தில் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகள் திருவடியைத் தரிசிக்கவே மலைக்குச் செல்கின்றன என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. இலங்கையில் 240க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் உள்ளன. அவற்றுள் உலகில் வேறெங்கும் இல்லாதவையும் பல. ‘இலங்கைப் புலி’ எனப்படும் கறுப்பும் வெளிறிய நிறமும் கொண்ட வண்ணத்துப்பூச்சி நமது மலைநாட்டுக்கே உரியது. அதுவும் வெந்தய வரியனின் குலத்தைச் சேர்ந்ததே.

ஆனால் தேயிலை மலையில் களைக்கு இடமில்லை. கையாலும் சுரண்டியாலும் புல் வெட்டிய காலம் மாறி, மருந்து தெளிக்கும் காலம் வந்தது. கிளைபோசேட் களைநாசினி 2015இல் நாட்டில் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. தோட்டத்தில் களையெடுப்பு இன்றியமையாதது. கொழுந்து இல்லாவிட்டால் நமக்கு வாழ்வு இல்லை. ஆகவே மலை முழுவதும் மாற வேண்டும் என்று கேட்பதற்கில்லை. லயத்து முற்றமும் ஒரு மரக்கறிப் பாத்திக்கே போதாது. மருந்து படாத, எல்லாருக்கும் பொதுவான ஒரு துண்டு நிலம் தோட்டத்தில் இருக்குமானால் அது கோயில் வளவே. அந்த வளவை எப்படி வைத்திருக்கிறோம் என்பதே கேள்வி.

வட்டகொடைக்கு ஏற்ற செடிகள்

எருக்கு உலர்ந்த, வெயில் மிகுந்த நிலத்தின் செடி. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தெருவோரத்தில் தானாக வளரும். ஏறத்தாழ 4400 அடி உயரத்தில், பனியும் மழையும் நிறைந்த வட்டகொடையில் அது அவ்வாறு செழிக்காது. பூசைக்காக ஓரிரு செடி வேண்டுமெனில், மணலும் சிறுகல்லும் கலந்த மண் நிரப்பிய பெரிய தொட்டியில், காலை வெயில் விழும் சுவரோரமாக, அடைமழை நேரே படாதவாறு வைக்கலாம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். தண்டை வெட்டி நடுவதானால் வெட்டுவாயில் பால் காயும்வரை ஓரிரு நாள் நிழலில் வைத்துப் பின்னர் நட வேண்டும்.

எருக்கு ஒன்றையே நம்பியிருக்கத் தேவையில்லை. அதன் உறவுச் செடிகள் பல நமக்குப் பழக்கமானவையே.

அலரி: கோயில் தோறும் உள்ள பூ. கரும்பழுப்பு நிறத்தில் வெண்புள்ளியோடு பறக்கும் வண்ணத்துப்பூச்சியின் புழு இதன் இலையில் வளரும். பொன்போல், வெள்ளிபோல் மின்னும் அதன் கூட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

நன்னாரி: இரமுசு என்று கடையில் வாங்கும் அதே கொடி. மேற்கூறிய வண்ணத்துப்பூச்சிக்கு இதுவும் உணவு.

குறிஞ்சா: கீரையாகச் சுண்டியும் சொதி வைத்தும் உண்ணும் கொடி. பெருங்குறிஞ்சாவில் நீலக்கோடுள்ள வண்ணத்துப்பூச்சி முட்டையிடும்.

நஞ்சறுப்பான்: நாட்டு மருந்துக் கொடி. கண்ணாடி போன்ற சிறகுள்ள வண்ணத்துப்பூச்சிக்கு உரியது.

இவற்றுள் நன்னாரியும் குறிஞ்சாவும் நஞ்சறுப்பானும் வெப்பமான இடத்தை விரும்புபவை. ஆகவே ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கன்றுகளை முதலில் நட்டு, எது நிலைக்கிறது என்று ஓர் ஆண்டு பார்த்த பின்னரே பெருக்குவது நல்லது. காட்டிலிருந்து வேரோடு பிடுங்கி வராமல், விதையோ தண்டோ எடுத்து வளர்ப்பதே முறை. மலையடிவாரப் பற்றைகளில் தானாக வளரும் கொடிகளை வெட்டாமல் விடுவதும் ஒரு நடுகையே.

சிவப்பும் மஞ்சளுமாகக் கொத்துக்கொத்தாகப் பூக்கும் அமெரிக்கப் பாற்செடி குளிரிலும் நன்றாக வளரும். வெந்தய வரியனும் அதில் முட்டையிடும். எனினும் அது நம் மண்ணுக்கு உரியதன்று. விதை பறந்து பரவக்கூடியது. வைத்திருப்போர் காயை முற்றவிடாமல் நறுக்கி விடுவது நன்று. உண்ணிச்செடியைப் புதிதாக நடவே கூடாது. அது பரவி மற்றச் செடிகளை அமுக்கிவிடும்.

புழுவுக்கு இலை வேண்டும். பறக்கும் பூச்சிக்குத் தேன் வேண்டும். துளசி, தும்பை, செவ்வந்தி, வெட்சி ஆகிய பூசைக்குரிய செடிகளே அதற்குப் போதும். ஓரத்தில் சில கிலுகிலுப்பைச் செடிகள் இருந்தால், ஆண் பூச்சிகள் அவற்றின் சாற்றைத் தேடி வரும். ஒரு மூலையில் மண்ணை எப்போதும் ஈரமாக வைத்தால் பூச்சிகள் அமர்ந்து உப்புச்சத்தை உறிஞ்சும்.

அடியார்கள் கவனிக்க வேண்டியவை

1. நந்தவனத்தில் பூச்சிமருந்தோ களைநாசினியோ தெளிக்கலாகாது. தோட்டத்தில் தெளிக்கும் நாளில் காற்று இப்பக்கம் வீசாதிருக்க, வேலியோரமாக உயரமான செடிகளை அடர்த்தியாக நடலாம்.

2. இலையில் ஓட்டை விழுந்தால் செடி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். புழு உண்டு முடித்ததும் செடி மீண்டும் தளிர்க்கும். மாலைக்குப் பூப்பறிக்கும்போது புழு இருக்கும் கிளையை விட்டு, மற்றக் கிளையில் பறிக்கலாம். எல்லாப் பூவையும் பறிக்காமல் ஒரு பகுதியை வண்டுக்கு விட்டுவைக்க வேண்டும்.

3. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு விளையும். அலரியின் எல்லாப் பாகமும் நஞ்சு. மாலை கட்டிய பின்னர் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். சிறுவரைத் தனியே பறிக்க விடலாகாது. பால் கண்ணில் பட்டுவிட்டால் நிறையச் சுத்தமான நீரால் கழுவி, தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

4. அறநெறி வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு செடியைப் பொறுப்புக் கொடுக்கலாம். முட்டை கண்ட நாள், கூடு கட்டிய நாள், பறந்த நாள் என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தால், இவ்வூர் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய நல்லதொரு பதிவு சில ஆண்டுகளில் கிடைக்கும்.

நந்தவனமும் திருப்பணியே

கோயிலுக்கு நந்தவனம் அமைப்பது நம் முன்னோர் செய்த பெரும் புண்ணியங்களுள் ஒன்று. பெரியபுராணத்தில் வரும் முருக நாயனார் பூப்பறித்து மாலை தொடுத்த தொண்டினாலேயே முத்தி பெற்றவர். தமிழகத்தில் திருவரங்கத்தை அடுத்து, காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையில், ஏறத்தாழ 25 ஏக்கரில் 2015இல் ஒரு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. நம்மவர் பலரின் பாட்டன் பூட்டன் புறப்பட்டு வந்த திருச்சிச் சீமையில் அது இருக்கிறது. நமக்கு 25 ஏக்கர் தேவையில்லை. கோபுரத்தின் பின்புறம் பத்தடி நீளப் பாத்தி ஒன்று போதும்.

ஊர் விட்டு வந்த நம் முன்னோர் மாரியம்மனையும் முருகனையும் விநாயகரையும் நெஞ்சில் சுமந்து வந்து, காட்டு மரத்தடியில் கல்லை நட்டு வழிபட்டனர். அந்தக் கல் இன்று கோயிலாக நிற்கிறது. கோயிலைக் கட்டிக்காத்த தலைமுறை, அதைச் சுற்றி வாழும் வாயில்லாச் சீவன்களுக்கும் ஒரு பிடி நிலம் ஒதுக்குமானால் அதுவும் திருப்பணியே ஆகும். எருக்கம்பூவை ஏற்ற பெருமான், அதன் இலையில் வளரும் புழுவைக் காப்பவர்களுக்கும் திருவருள் புரிவாராக.