கொம்பியூட்டருக்குப் பாகம் வாங்குமுன்



ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு தகப்பனார், உயர்தரம் படிக்கும் மகளின் பழைய கொம்பியூட்டர் இழுத்து இழுத்து ஓடுதென்று டவுனுக்குப் போய் புது ரெம் வாங்கி வந்தார். பூட்டவே முடியவில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்கவுமில்லை. கொழுந்து பறித்த காசு!

மகளின் மெஷினில் உள்ளது 2013இல் வெளிவந்த இன்டெல் 4ஆம் தலைமுறை புரொசசர். அதன் மதர்போர்ட் டிடிஆர்3 ரெம்மைத்தான் ஏற்கும். இவர் வாங்கியதோ டிடிஆர்4. முன்னதில் தங்கநிறப் பற்கள் 240, பின்னதில் 288. நடுவிலுள்ள வெட்டும் வேறிடத்தில் இருக்கும். மின்சாரமும் 1.5 வோல்ட், 1.2 வோல்ட் என்று மாறும். அழுத்திப் பூட்டப் பார்த்தால் போர்ட்தான் உடையும்.

ஆகவே மதர்போர்டில் அச்சடித்துள்ள மாடல் இலக்கத்தைத் துண்டொன்றில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய ரெம்மையும் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். லெப்டொப் ரெம் கட்டையானது, அதுவும் இதில் நிற்காது.

என்னைக் கேட்டால் அந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது எஸ்எஸ்டி. பழைய ஹார்ட் டிஸ்க் பூட்டியிருக்கும் அதே சாட்டா வயரில் 2.5 அங்குல எஸ்எஸ்டியைப் பூட்டலாம். மெல்லிய குச்சி மாதிரி ஒன்றைக் காட்டினால், உங்கள் போர்டில் அதற்கு இடமிருக்கா என்று கேட்காமல் காசைக் கொடுக்காதீங்க.