கத்தியில் உள்ள முத்திரைகளைப் படிப்பது எப்படி?

அன்புள்ள பேத்திக்கு,

நீ அனுப்பிய படங்கள் வந்தன. ஆவூர் வீட்டுப் பரணில் கிடைத்த துப்பாக்கிச் சனியன் (பயனெட்) புதுக்கோட்டை மன்னர் தொண்டைமான் காலத்தது என்று ஊரில் சொல்கிறார்கள், கத்தியிலோ 1907 என்று வெட்டியிருக்கிறது, எது சரி என்று கேட்டிருந்தாய். நான் விடையை மட்டும் சொன்னால் அது இந்த ஒரு கத்தியோடு முடிந்துபோகும். முறையைக் கற்றுக்கொண்டால் எதையும் நீயே படிக்கலாம்.

எழுத்தைத் தேடுவதற்கு முன் உருவத்தைப் பார். தொண்டைமான் காலம் என்றதும் நினைவுக்கு வருவது திருச்சிச் சண்டை. 1747க்கு அடுத்த சில ஆண்டுகளில் திருச்சிக் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். தொண்டைமான் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். அந்தக் காலத்து ஆங்கிலேய பயனெட்டுக்குப் பிடியே கிடையாது. ஒரு குட்டைக் குழாய், அதிலிருந்து வளைந்து வரும் கழுத்து, அதற்கு மேல் சுமார் 17 அங்குல நீளத்தில் முப்பட்டை முனை, அவ்வளவுதான். குழாயைத் துப்பாக்கி வாயின் மேல் போட்டுத் திருகி மாட்டுவார்கள். உன் படத்தில் இருப்பதோ மரப்பிடி போட்ட, ஒரு பக்கம் மட்டும் கூர் உள்ள நீளக் கத்தி. லீ-என்ஃபீல்டு துப்பாக்கியில் மாட்டியது. திருச்சிச் சண்டைக்கும் இதற்கும் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் இடைவெளி.

இனி எழுத்துக்கு வா. கத்தி பிடியைச் சேரும் இடத்தில், கூர் தீட்டாத தட்டையான பகுதி ஒன்று இருக்கும். முத்திரைகள் பெரும்பாலும் அங்கேதான். மேலிருந்து கீழே படி. முதலில் கிரீடம். அதன் கீழ் அரசரின் எழுத்து: இ.ஆர். என்றால் ஏழாம் எட்வர்டு, ஜி.ஆர். என்றால் ஜார்ஜ். அடுத்து 1907. பலரும் தவறுவது இங்கேதான். அது செய்த ஆண்டு அன்று. அந்தக் கத்தி மாதிரியின் பெயரில் உள்ள ஆண்டு. பல ஆண்டுகள் கழித்துச் செய்த கத்தியிலும் அதே 1907 இருக்கும். அதற்குக் கீழே சின்னதாக ‘5 ’17’ என்று தெரிகிறதே, அதுதான் செய்த காலம்: 1917 மே மாதம்.

தேதிக்குக் கீழே இருப்பது செய்தவர் பெயர். வில்கின்சன் என்றால் லண்டன். சாண்டர்சன், சாப்மன் இரண்டும் ஷெஃபீல்டு. மோல் பர்மிங்காம். இ.எஃப்.டி. என்றால் என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலை. ரெமிங்டன் அமெரிக்கா, லித்கோ ஆஸ்திரேலியா. ஆர்.எஃப்.ஐ. என்று இருந்தால் வங்காளத்து இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்தது. அதில் அரசர் எழுத்து பெரும்பாலும் ஜி.ஆர்.ஐ. என்று மூன்றாக இருக்கும். இந்தியாவின் பேரரசர் என்பதற்கான எழுத்து அந்த ஐ. உன் படத்தில் ‘சாண்ட’ வரை தெளிவாகத் தெரிகிறது. மிச்சத்தைத் துரு மூடியிருக்கிறது.

கத்தியைத் திருப்பு. அந்தப் பக்கத்தில் செய்தவர் பேச மாட்டார், சோதித்தவர்கள் பேசுவார்கள். அகன்ற அம்புக்குறி அரசுச் சொத்து என்பதற்கு. பெருக்கல் குறி, கத்தியை வளைத்துச் சோதித்துத் தேறியதற்கு. கிரீடமும் எண்ணும் சேர்ந்த பொடி முத்திரை சோதனையாளருடையது. அதைச் செய்தவர் முத்திரை என்று எண்ணிவிடாதே. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், படையிலிருந்து கழித்து விற்றுவிட்டார்கள் என்று பொருள். பிடியின் தலையிலோ குறுக்குக் கட்டையிலோ எண்கள் இருந்தால் அவை படைப்பிரிவு போட்டவை. அவற்றையும் குறித்து வை.

முத்திரை மங்கலாக இருந்தால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடி. மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்தால் எழுத்து எழும்பி வரும். உப்புத்தாள் போடாதே, புளி போட்டுத் துலக்கவும் கூடாது. துருவோடு முத்திரையும் போய்விடும், போனது திரும்பாது. தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகத் துடை, போதும். தோலுறை இருந்தால் கத்தியை அதற்குள் வைக்காதே. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பைத் தின்னும். விற்பதற்காகப் போலி முத்திரை குத்துபவர்களும் உண்டு. சுற்றிலும் துரு அரித்துக் குழிந்திருக்க, எழுத்து மட்டும் நேற்று வெட்டியதுபோல் கூர்மையாக நின்றால் சந்தேகப்படு.

உன் கேள்விக்கு வருகிறேன். ஊர்ப் பெரியவர்கள் சொல்வது பொய்யில்லை. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948இல்தான் இந்தியாவோடு இணைந்தது. ஆக 1917உம் தொண்டைமான் காலம்தான். ஆனால் இது தொண்டைமான் படையின் கத்தி என்று சொல்ல இதில் ஒரு முத்திரையும் இல்லை. எங்கே பிறந்தது, யார் சோதித்தது என்பதை முத்திரை சொல்லும். யார் கையில் இருந்தது, எந்தச் சண்டைக்குப் போனது என்பதைச் சொல்லாது. அதற்குப் படைச் சான்றிதழ், ஓய்வூதியக் காகிதம், பழைய கடிதம் ஏதாவது வேண்டும். உன் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் பார். பெரியவர்கள் சொல்வதையும் இன்றே எழுதி வை. முத்திரை சொன்னது ஒரு பக்கம், மனிதர் சொன்னது மறு பக்கம் என்று பிரித்து எழுது. இரண்டையும் குழப்பியதால்தான் நம் ஊர்களின் வரலாறு பாதி கதையாகிக் கிடக்கிறது.

இன்னொன்று ஆத்தா. ஆயுத விதிகள் பயனெட்டைப் பெயர் சொல்லியே பட்டியலில் வைத்திருக்கின்றன. தெருவில் எடுத்துப்போய்க் காட்டாதே. வீட்டில் வைப்பது பற்றி அப்பா முறைப்படி விசாரிக்கட்டும். நூறாண்டு கடந்த பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகலாம் என்பதால் பழைய இரும்புக்காரரிடம் போடவும் வேண்டாம். பென்சில் படியையும் படங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு திருக்கோகர்ணத்து அரசு அருங்காட்சியகத்துக்குப் போ. 1910இல் தொடங்கியது, பழைய ஆயுதங்களும் அங்கே உண்டு. அங்குள்ளவர்களிடம் காட்டி, நீ படித்தது சரிதானா என்று கேள். அவர்கள் வேறு மாதிரி சொன்னால் எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறார்கள் என்றும் கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
தாத்தா