கயாக்கில் டவுன்ரிகர்: எங்கே, எப்படிப் பொருத்தலாம்?

சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளுக்கும் முட்டுக்காடு கழிமுகத்துக்கும் டவுன்ரிகர் வேண்டவே வேண்டாம். ஈயக் குண்டைக் கட்டித் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கி, படகு போகப்போக இழுத்துச் செல்லும் கருவி அது. ஆழமில்லாத தண்ணீரில் குண்டு சேற்றைத்தான் கிளறும். தாம்பரத்திலிருந்து கயாக்கைக் காரின் மேல் கட்டி, வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாகக் கோவளம் போய், வஞ்சிரமும் பாரையும் தேடிக் கடலில் இறங்குகிறவர்களுக்கானது இந்தக் கருவி.

அவர்களிலும் பலருக்கு இது தேவைப்படாது. நீளமான உதடுள்ள லூர் மூன்று நான்கு மீட்டர் வரை தானே முங்கும். நரம்பில் ஈயம் கோத்தால் இன்னும் இறங்கும். ஆனால் மீன் மாட்டிய பிறகும் அந்த ஈயத்தைச் சேர்த்தே இழுக்க வேண்டும். டவுன்ரிகரில் நரம்பைக் குண்டோடு பிடித்திருக்கும் கிளிப், மீன் கவ்வியதும் அதை விட்டுவிடும். அப்புறம் கையில் மீனின் இழுப்பு மட்டுந்தான். அந்தச் சுகத்துக்காகவே இதை வாங்கலாம்.

இடம்? இருக்கைக்குப் பின்னால் கூடாது. குண்டு எதிலாவது சிக்கினால் திரும்பிப் பார்ப்பதற்குள் படகு சாய்ந்துவிடும். கம்பெனி கொடுக்கும் ராடு குழிகள் பெரும்பாலும் பின்னால்தான் இருக்கின்றன என்பதால் அவற்றையும் விட்டுவிடுங்கள். பெடல் கயாக் என்றால் இருக்கையை ஒட்டிய பக்கவாட்டு விளிம்பு வசதி. துடுப்புப் போடுகிறவர்களுக்கு அங்கே முழங்கையும் துடுப்பும் இடிக்கும். முழங்காலுக்குச் சற்று முன்னால் வைப்பது நல்லது. துளை போடுமுன் வீட்டு வாசலிலேயே கயாக்கில் உட்கார்ந்து துடுப்பை வீசிப் பாருங்கள். துடுப்பு படாத, ஆனால் கை எட்டுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள்.

அடுத்து, பிடிமானம். நேரடியாகத் துளைத்துப் பொருத்தும் அடித்தட்டுதான் அதிக வலு. உள்ளே கைவிட்டு நட்டு முடுக்க வழி இருக்க வேண்டும். நட்டுக்கு அடியில் அகலமான தட்டு வைத்தால்தான் பிளாஸ்டிக் கிழியாது. சாதாரண சிலிக்கான் பாலிஎதிலீனில் சரியாக ஒட்டாது, ரப்பர் வாஷரும் போடுங்கள். அலுமினிய டிராக்கில் மாட்டினால் முன்பின் நகர்த்தலாம். ஆனால் அந்த டிராக்கே வெறும் ஸ்குரூவில் நிற்கிறதா, போல்ட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். ஸ்குரூ என்றால் சிக்கிய குண்டு அதைப் பிடுங்கிவிடும்.

கோவளத்தில் உடையும் அலையைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். டவுன்ரிகர் அப்போது மேலே நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. படகு கவிழ்ந்தால் உங்கள் மேலேயே இடிக்கும். அதனால் என் தேர்வு, போல்ட் போட்ட டிராக்கும் ஒரே திருகில் கழன்றுவரும் மவுண்ட்டும். அலை தாண்டும்வரை கருவி பெட்டிக்குள் இருக்கட்டும்.

குண்டு ஒரு கிலோ போதும். இரும்புக் கம்பி வேண்டாம், பின்னல் நரம்பு போடுங்கள். சிக்கினால் ஒரே வெட்டில் அறுக்கலாம். கத்தியை லைஃப் ஜாக்கெட்டிலேயே மாட்டுங்கள். மீனவர்களின் வலை மிதவைகள் கண்ணில் பட்டதும் குண்டை மேலே ஏற்றிக்கொண்டு விலகிப் போங்கள்.