விலை மந்த காலத்தில் விவசாய வருவாயைப் பெருக்கும் வழி

விலை மந்தம் என்றவுடன், எல்லாப் பொருள்களும் ஒரே அளவாய் மலிந்துவிடுமென்று குடியானவர்கள் பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மை அதுவன்று. 1929-ஆம் வருஷத்தில் தொடங்கிய உலக மந்தம் சென்னை மாகாணத்தைத் தாக்கியபோது, நெல் விலை சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறையப் பாதியாயிற்று. ஆனால் நிலத்தீர்வையும், பத்திரத்தில் எழுதிய வட்டியும் ரூபாய்க் கணக்கில் எழுதப்பட்டவை. நெல்லோடு சேர்ந்து அவை இறங்கவில்லை. களம் மூன்று ரூபாய்க்கு விற்றபோது முப்பது ரூபாய்த் தவணைக்குப் பத்துக் கலம் அளந்தவர், விலை ஒன்றரை ரூபாயானபோது இருபது கலம் அளக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தால், அக்காலத்தில் நிலங்கள் கைமாறிய காரணம் விளங்கும்.

இத்தகைய தருணத்தில் முதலில் தோன்றும் யுக்தி, அதே பயிரை இன்னும் அதிக நிலத்தில் விளைவிப்பதே. ஊரார் யாவரும் அதனையே செய்வராதலால் விலை மேலும் இறங்குமேயன்றி ஏறாது. புதிதாக வாங்குவோர் எங்கே தோன்றியிருக்கின்றனர் என்று பார்ப்பதே தக்க வழியாகும்.

கோயமுத்தூர் ஜில்லாவில் நிகழ்ந்தது இதற்கு நல்ல உதாரணம். ஆழமான கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை இறைத்து இறவைப் பயிர் செய்வோர் அக்காலத்தில் அங்கு அதிகமாயிருந்தனர். நீலகிரியிலுள்ள பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து 1932-ஆம் வருஷ முதல் மின்சாரம் கிடைக்கவே, நூற்பு ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கடன் கொடுத்து வட்டி வாங்குவது நம்பத்தகாத தொழிலாகிவிட்டமையால், பணமுள்ள நிலச்சுவான்தார்கள் சிலர் தங்கள் முதலை ஆலைப் பங்குகளில் இட்டனர். உலகச் சந்தையில் பஞ்சு விலை தாழ்ந்திருந்தபோதிலும், கம்போடியாப் பருத்தி விளைவித்தவருக்கு வாங்குவோர் அண்டையிலேயே ஏற்பட்டனர். மின்சாரக் கம்பி எட்டிய தோட்டங்களில் இறைப்பு இயந்திரமும் வந்து, மாட்டுக்கும் ஆளுக்கும் ஆகும் செலவைக் குறைத்தது.

ஆலைக்காரர் நூலின் நயத்தைப் பார்ப்பவர். விதைக் கலப்பைப் பொறுக்கமாட்டார். நீண்ட இழையுள்ள கம்போடியாவோடு குட்டை இழையுள்ள நாட்டுப் பருத்தி கலந்துவிட்டால், முழுப் பொதிக்கும் விலை குறையும். பனி உலர்ந்தபின் எடுத்து, புழு தின்று கறைபட்ட கொட்டுப் பருத்தியைத் தனியே பிரித்து, சருகு நீக்கி, நிழலில் காயவைத்த பருத்திக்குக் கிடைக்கும் கூடுதல் விலைக்கு முதல் எதுவும் போட வேண்டுவதில்லை. எடை கூடுமென்று ஈரத்தோடு விற்போர், இரண்டாம் முறை அதே வியாபாரியிடம் செல்லும்போது தங்கள் லாபம் எவ்வளவென்று அறிவர். விதைக்கென ஒரு பாத்தியைத் தனியே விட்டு, அதில் வேற்றுச் செடிகளைப் பூக்குமுன் பிடுங்கிவிடுவது நலம்.

கரும்பின் கதை வேறு பாடம் தருவது. ஜாவாச் சர்க்கரை வந்து குவிவதைத் தடுக்க 1932-ஆம் வருஷத்தில் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் செய்யப்பட்டது. அதுவரை இந்தியாவில் முப்பது அளவில் இருந்த கரும்பாலைகள் சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு மேற்பட்டன. கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் உண்டான கோ 213, அதன்பின் கோ 419 ஆகிய ரகங்கள் நாட்டுக் கரும்பைவிட அதிக மகசூல் தந்தமையால், முன்பு நட்டோர் நல்ல பயன் பெற்றனர். ஆனால் 1934-ஆம் வருஷத்தில் உள்நாட்டுச் சர்க்கரைக்கும் வரி விதிக்கப்பட்டது. 1937-ஆம் வருஷத்திற்குள் உற்பத்தி தேவையை மிஞ்சிற்று. ஆலைக்குத் தொலைவிலிருந்து வெல்லம் காய்ச்சி விற்றவருக்குச் சட்டத்தின் நிழல் ஓரளவே எட்டியது. ஆகவே, அயலார் லாபத்தைக் கேள்விப்பட்டு மூன்றாம் ஆண்டில் கடன் வாங்கிக் கரும்பு நடுவது மிகுந்த ஆபத்துடையது. கோடையில் கிணறு எத்தனை நாழிகை இறைக்கத் தாங்கும் என்பதை அளந்து, தாங்கும் அளவில் கால் பங்கு நிலத்தில் முதலில் பயிரிட்டுப் பார்ப்பதே விவேகம்.

கடன் விஷயத்தில் காலம் முக்கியம். 1929-ஆம் வருஷத்தில் சென்னையில் மத்திய நில அடமான பாங்கு ஏற்பட்டது. நீண்ட தவணைக்குக் குறைந்த வட்டியில் பழங்கடனைத் தீர்க்க அது வழி செய்தது. 1938-ஆம் வருஷத்து விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முற்பட்ட கடன்களில் 1937 அக்டோபர் முதல் தேதியன்று நிலுவையாயிருந்த வட்டியை நீக்கிற்று. எனினும் அதற்குள் நிலத்தை விற்றுவிட்டவருக்கு அதனால் யாது பயன்? மந்தம் தொடங்கிய வருஷத்திலேயே கணக்குப் பார்த்து, அதிக வட்டிக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொண்டவரே புதுப்பயிரில் இறங்கத் துணிய முடிந்தது.

கிராம அதிகாரிகள் இதில் பெரிதும் உதவலாம். பயிர்வாரியாக ரொக்கச் செலவு, வீட்டு ஆட்களின் உழைப்பு, மாட்டுத் தீனி, விற்ற விலை ஆகியவற்றைத் தனித்தனிப் பத்தியாக எழுத, எழுதத் தெரியாத குடியானவருக்குக் காட்டித் தரலாம். வீட்டு ஆட்களின் கூலியையும் சொந்த மாட்டின் தீனியையும் எழுதாமல் விடும் கணக்கில் எந்தப் பயிரும் லாபமாகவே தோன்றும். அக்கணக்கை அறுவடை முடிந்த வாரத்திலேயே, விலை மறப்பதற்குமுன் எழுதி முடிக்க வேண்டும்.