பெயரும் பெயர்ப்பும்

ஐந்தருவியில் நீராடிப் பாறைமீதமர்ந்த யாம் மொழிபெயர்ப்பைப் பற்றி ஆராய்ந்தோம். 1680-ஆம் ஆண்டு இத்தாலியிற் பிறந்த கொஸ்தான்சோ பெஸ்கி, தமிழகத்தில் தைரியநாதராகிப் பின்னர் வீரமாமுனிவரெனப் போற்றப்பெற்றார். இலக்கியத்தில் பெயரும் மொழிமாறலாம், சான்றிதழிலோ ஆகாது. இத்தாலியப் பிறப்புச் சான்றினை ஆங்கிலமாக்குவோர் பெயரை எழுத்துப் பிசகாது வைத்தல் வேண்டும். 'ஜூன்யோ' ஜூன், 'லூல்யோ' ஜூலை. இவற்றை மயங்கினால் பிறந்த திங்களே மாறி, உரியவரது உரிமையும் ஐயத்திற்குள்ளாகும். ஆதலின் இத்தாலியில் மொழிபெயர்ப்பாளர் நீதிமன்றத்தில் ஆணையிட்டுக் கையொப்பமிடுவர். அயல்நாட்டார் ஏற்றற்பொருட்டு அப்போஸ்தில் என்னும் அரசுச் சான்றும் அதனுடன் சேரும். அதற்குரிய உடன்படிக்கை இத்தாலியில் 1978 முதலும் இந்தியாவில் 2005 முதலும் நடைமுறையிலுள்ளது. ஐந்தாய்ப் பிரிந்து வீழினும் அருவிநீர் ஒன்றே. மொழி வேறாயினும் பொருள் வேறாகாது காத்தல் மொழிபெயர்ப்போர் கடனாம்.